மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ரேலி டிரிப் மீட்டரை (ஓடிய தூரத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி) மலிவாக நாமே செய்து பொருத்த முடியுமா? சைக்கிள் மீட்டர் போதாதா?

முடியும். ஆனால் சைக்கிள் மீட்டர் போதாது. நானும் அதில்தான் ஆரம்பித்தேன்.

இங்கிலாந்தில் நடக்கும் ரெகுலாரிட்டி ரேலிகளுக்காக என் பழைய எம்எக்ஸ்-5 காரைத் (முதல் தலைமுறை, 1.6 லிட்டர்) தயார் செய்தேன். இவை வேகப் போட்டிகள் அல்ல. பொதுச் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 30 மைலைத் தாண்டக் கூடாது. கொடுத்த சராசரியை நொடி பிசகாமல் காப்பாற்ற வேண்டும். அந்த வேகத்தில் பத்து மைலுக்கு ஒரு சதவீதம் தூரம் பிசகினால் 12 நொடி போச்சு. டெர்ராடிரிப், பிரான்ட்ஸ் போன்ற மீட்டர்கள் அருமையானவை, ஆனால் விலை நூற்றுக்கணக்கான பவுண்டு.

சைக்கிள் மீட்டர், சக்கரத்தில் ஒட்டிய காந்தம் சென்சாரைக் கடப்பதை வைத்துச் சுற்றுகளை எண்ணும்; அதற்குச் சக்கரத்தின் சுற்றளவைச் சொன்னால் போதும். 185/60 ஆர்14 டயருக்குக் கணக்குப்படி சுமார் 1815 மி.மீ.; பாரத்தில் டயர் அமுங்குவதால் ஓடும்போது கொஞ்சம் குறையும். முன்சக்கர ரிம்மின் உட்புறம் காந்தத்தை எபாக்சியால் ஒட்டினேன். பிரேக் சூட்டில் ஒட்டு விட்டுப்போனது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது வயரும் அறுந்தது. அதையெல்லாம் சரி செய்துவிடலாம். வழி தவறிப் போய்த் திரும்பும்போது அந்த மீட்டருக்குக் கழிக்கத் தெரியாதே! நேவிகேட்டராக உட்கார்ந்திருந்த என் மனைவி மனக்கணக்கில் கழித்துக்கொண்டே வந்தார். வீடு வரும்வரை வேறு பேச்சு இல்லை.

அப்புறம்தான் சென்சாரை எங்கே வைப்பது என்று ஒழுங்காக யோசித்தேன். சக்கரத்தை விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலோடு சேரும் ஃபிளாஞ்சில் (இணைப்புத் தட்டில்) நான்கு போல்ட் இருக்கின்றன. அவற்றின் தலையை எண்ணினால் போதும், காந்தமே வேண்டாம். வளைவில் உள்சக்கரம் குறைவாகவும் வெளிச்சக்கரம் அதிகமாகவும் சுற்றும். ஷாஃப்ட் இரண்டின் சராசரியைத் தானாகவே தந்துவிடும். இந்தக் காரில் டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு ஏறி இறங்காது என்பதால் வயரும் ஆடாது. டிஃபரன்ஷியல் விகிதம் 4.3, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.3 சுற்றுச் சுற்றும். சுற்றுக்கு நான்கு போல்ட், ஆக சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 17 பல்ஸுக்குக் (சென்சாரின் துடிப்பு) கொஞ்சம் மேல், அதாவது ஏறக்குறைய 10 செ.மீ.க்கு ஒன்று. இது பின்சக்கரத்தால் ஓடும் கார், சக்கரம் வழுக்கினால் தூரம் கூடும்தான். தார்ச்சாலையில் நிதானமாக ஓட்டும் ரேலிக்கு அது பெரிய விஷயமில்லை.

சென்சார், 12 மி.மீ. மரையுள்ள இண்டக்டிவ் பிராக்சிமிட்டி சென்சார்; உலோகம் அருகே வந்தால் தொடாமலே உணரும். நான்கு மி.மீ. வரை உணரும் என்பார்கள், நான் இரண்டு மி.மீ. இடைவெளி விட்டேன். பிராக்கெட்டைத் தடித்த இரும்பில் செய்யுங்கள். முதலில் மெல்லிய அலுமினியத்தில் செய்து, அது அதிர்ந்து பொய்க்கணக்குக் காட்டியது. காருக்கு அடியில் படுக்கும் முன் ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள்.

மற்றது சுலபம்: ஓர் ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் குட்டிக் கணினிப் பலகை), ஒரு ஆம்பியர் ஃபியூஸ், கார் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிறு பலகை. சென்சாரின் 12 வோல்ட் சிக்னலை ஆர்டுயினோவுக்கு நேராகக் கொடுக்காதீர்கள், நடுவில் ஓர் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாக மட்டும் கடத்தும் சிறு பாகம்) போடுங்கள். டிஸ்ப்ளேக்கு எல்சிடி வேண்டாம். கூரையைத் திறந்துவிட்டு வெயிலில் போனால் என்னுடையதில் ஒன்றுமே தெரியவில்லை. சிவப்பு எல்இடி எண்கள்தான் தெரிகின்றன. இன்னொன்று, பத்து மீட்டருக்கு ஒருமுறை தூரத்தை ஒரே ஈப்ராம் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம்) இடத்தில் எழுதும்படி நிரல் போட்டால், 1000 கி.மீ.யில் ஒரு லட்சம் தடவை ஆகிவிடும். அந்தச் சிப்புக்குச் சொல்லப்பட்ட ஆயுளே அவ்வளவுதான். வண்டி நிற்கும்போது மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அளவைச் சரிபார்க்க, ரேலி நடத்துபவர்கள் தரும் அளந்த தூரத்தில் ஓட்டிப் பல்ஸை எண்ணுங்கள். இரண்டு பேரும் ஏறி, டயர் சூடான பிறகு எண்ணுங்கள். குளிர்ந்த டயரில் கணக்கு மாறும்.

மொத்தம் 30 பவுண்டுக்குள் முடிந்தது. கூட்டு, நிறுத்து, கழி என்று மூன்று நிலை கொண்ட சுவிட்ச் ஒன்றையும் அதில் சேர்த்து, மனைவி பக்கம் பொருத்திவிட்டேன்.