பிறந்த தேதியைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். குழந்தைகளுக்கு எழுதும் எழுத்தாளர் ஒருவரை இரண்டு வாரம் வகுப்பில் படிக்கப் போகிறோம். போன முறை வாழ்க்கைக் குறிப்பு, சார்ட், வினாடி வினா என்று நடத்தினேன். பிள்ளைகள் மனதில் எதுவும் நிற்கவில்லை. கையில் நாலைந்து புத்தகங்கள்தான், அதுவும் ஒவ்வொரு பிரதி. வேறு எப்படி நடத்தலாம்?

பதில்: சார்ட் இருக்கட்டும், கடைசி நாளுக்கு. ஒருவர் எங்கே பிறந்தார் என்பதில் எட்டு வயதுப் பிள்ளைக்கு அக்கறை வர வேண்டுமென்றால், முதலில் அவருடைய கதை பிடித்துப்போக வேண்டும். அதற்கு நாலைந்து புத்தகங்கள் தாராளம். நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் ஒரே கேள்வி: ‘இவர் திரும்பத் திரும்ப என்ன செய்கிறார்?’ வரும் பதில்களைச் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். திருத்த வேண்டாம்.

படக்கதைகள் எழுதி, படமும் வரைந்த அமெரிக்க எழுத்தாளர் எரிக் கார்லை எடுத்துக்கொள்வோம். பசித்த கம்பளிப்பூச்சி, ஓயாமல் வலை பின்னும் சிலந்தி, சத்தமே வராத சில்வண்டு என்று அவருடைய மூன்று கதைகள். ‘எல்லாம் பூச்சி’ என்பதுதான் முதலில் வரும் பதில். சரி, அப்புறம்? கம்பளிப்பூச்சி தின்ற பழத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். சிலந்தி வலையைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். சில்வண்டுக் கதையின் கடைசிப் பக்கம் சத்தமே போடும். ‘இவர் புத்தகத்தில் பக்கமும் ஏதோ செய்யுது’ என்று ஒரு பிள்ளை சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள். நமக்குத்தான் அது கஷ்டம்.

அதற்குப் பிறகு வாழ்க்கைச் செய்தி ஒன்றை அவிழ்த்துவிடலாம். தாள் கட்டு ஒன்றில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கார்லுக்குக் கம்பளிப்பூச்சிக் கதை தோன்றியது. முதலில் அவர் நினைத்தது ஒரு புழுவை. கம்பளிப்பூச்சியாக மாற்றலாம் என்றவர் அவருடைய பதிப்பாசிரியர். புத்தகம் வந்தது 1969-ல். இப்போது கேளுங்கள்: புழுவாகவே விட்டிருந்தால் கடைசிப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும்? வண்ணத்துப்பூச்சி இருந்திருக்காது என்பதை யாராவது சொல்வார்கள். ஒரு கதை எப்படித் திருத்தி எழுதப்படுகிறது என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

கைவேலைக்கு அவருடைய முறையையே பின்பற்றலாம். மெல்லிய டிஷ்யூ தாளில் வண்ணம் பூசி, காய்ந்ததும் வெட்டி ஒட்டுவது. பூசுவது ஒரு நாள், வெட்டுவது மறுநாள். ஈரத்தில் கை வைத்தால் கிழியும், கீழே பிளாஸ்டிக் விரிப்பு இல்லாவிட்டால் மேசையோடு ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து அச்சிட்ட கம்பளிப்பூச்சிப் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லாதீர்கள். அதில் எழுத்தாளரும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரே நிபந்தனை வையுங்கள்: நீங்கள் செய்யும் பக்கமும் ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். திறக்கும் மடிப்போ, ஓட்டையோ, இழுக்கும் நூலோ, அவர்கள் இஷ்டம்.

எழுத்தாளருக்கு ஏற்ப வேலையும் மாற வேண்டும். இங்கிலாந்தின் குழந்தை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதை 1893-ல் ஒரு நோயாளிச் சிறுவனுக்குப் படம் வரைந்து எழுதிய கடிதமாகப் பிறந்தது. பதிப்பகங்கள் மறுக்கவே, 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அவரைப் படித்தால், வகுப்புக்கு வர முடியாத ஒரு தோழனுக்கோ தோழிக்கோ படக்கடிதம் எழுதச் சொல்வதுதான் பொருத்தம்.

நேரம் மிஞ்சினால் ஒரு பிள்ளையை எழுத்தாளராக நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுக்கலாம். எந்தப் பதில் சொன்னாலும் புத்தகத்தில் அதற்கான பக்கத்தைக் காட்ட வேண்டும்.

வினாடி வினாவுக்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள். வாசிக்காத இரண்டு புத்தகங்களை, ஒன்று அவருடையது, இன்னொன்று வேறொருவருடையது, பெயரை மறைத்துக் காட்டுங்கள். எது அவருடையது, ஏன்? மதிப்பெண் அந்த ‘ஏன்’ என்பதற்கு மட்டும்.