கோவிலுக்குப் போவதைத் தவிர, அன்றாட வாழ்க்கையில் நேர்மையாக இருக்க உங்கள் கிறிஸ்தவ விசுவாசம் உதவியிருக்கிறதா?

நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவன். ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா வடகடலில் நண்டு வலை விட்டவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து கரையிலேயே கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சட்டென்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் பதினோரு மாதம் நான் தராசில் திருடியிருக்கிறேன். அந்தப் பதினோரு மாதமும் ஒரு ஞாயிறு பூசையைக்கூடத் தவறவிட்டதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் நீலக்கால் நண்டு பெரிய வியாபாரம். வல்லம் என்கிற நாட்டுப் படகு கரைக்கு வந்ததும் வீட்டுப் பெண்கள் மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைக் கால் ஒடியாமல் கழற்றுவார்கள். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஆகும். கொடுக்கு கிழித்த காயம் இல்லாத விரலை நீங்கள் அங்கே பார்க்க முடியாது. அதைக் கூடையில் போட்டு நண்டுக் கம்பெனிக்குக் கொண்டுவருவார்கள். கம்பெனியில் எடை போட்டு, ஓடு இளகினதைத் தனியாகக் கழித்து, சீட்டு எழுதிக் கொடுப்போம். பிறகு அது வெந்து, சதை பிரிந்து, டப்பாவில் அடைத்து, பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகும். எடை போட்டுச் சீட்டு எழுதுவதுதான் அப்போது என் வேலை.

காலிக் கூடையின் எடை ஒரு கிலோ எழுநூறு. நனைந்த நண்டில் தண்ணீர் சொட்டும் என்பதால் அதற்கு இருநூறு கிராம் கழிப்பது நியாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கம்பெனியில் தராசில் கூடைக்கென்று பதிந்து வைத்திருந்தது இரண்டு கிலோ. ஆக, கூடைக்கு நூறு கிராம் அதிகம். நூறு கிராம் என்றால் ஒரு நண்டுகூட முழுசாக இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளியிடம் கேட்டேன். "எல்லாக் கம்பெனியிலயும் இதுதான் கணக்கு" என்றார். நானும் அதற்குமேல் பேசவில்லை.

இதை முதலில் தப்பு என்று என்னிடம் சொன்னது பாதர் இல்லை, பிரசங்கம் இல்லை, என் மனசாட்சியும் இல்லை. கூடை தூக்கிவைக்கும் வேலையில் இருந்த ஒரு பாய். மண்டபம் பக்கத்து வேதாளைக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். ஒருநாள் கூடையைத் தராசில் வைத்துக்கொண்டே, "தம்பி, அளவுல குறைக்கிறவங்களுக்குன்னே குர்ஆன்ல ஒரு சூரா இருக்கு, தெரியுமா? கேடுன்னுதான் ஆரம்பிக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. என் வேதாகமத்திலும் அது இருக்கிறது. கள்ளத் தராசைக் கடவுள் அருவருக்கிறார் என்று நீதிமொழிகளில் வருகிறது. பைக்குள் பெரிய எடைக்கல் ஒன்றும் சிறிய எடைக்கல் ஒன்றும் வைத்திருக்காதே என்று மோசேயின் சட்டத்திலேயே வருகிறது. ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். 'களவு செய்யாதிருப்பாயாக' எங்களுக்கு ஏழாவது கட்டளை. சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபை நண்பர்களுக்கு எட்டாவது. எத்தனையாவது என்று அவர்களோடு வாதாடிய அளவுக்குக்கூட, நான் களவு செய்கிறேனா என்று என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அப்புறமும் இரண்டு மாதம் அதையேதான் செய்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. மகள் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டவேண்டியிருந்தது. அதோடு எனக்கு ஒரு சமாதானமும் கிடைத்திருந்தது. அந்தப் பெண்களும் சும்மா இல்லை என்பதுதான் அது. சிலர் கூடையின் அடியில் ஈரச் சாக்கு போடுவார்கள். சிலர் தண்ணீர் வடியவிடாமல் நேராகக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் கொஞ்சம் ஏமாற்றுகிறார்கள், நாங்கள் கொஞ்சம் ஏமாற்றுகிறோம், கடைசியில் சரியாகப் போகும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நியாயத்தைத்தான் நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். பத்திரப் பதிவில் மதிப்பைக் குறைத்துப் போடும்போதும், வட்டிக்கு விடும்போதும், வரதட்சணையை 'பிள்ளைக்குப் பிரியமாகச் செய்வது' என்று பெயர் மாற்றும்போதும் இதையேதான் சொல்கிறோம்.

கணக்கு நோட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்தபோது இந்த நியாயம் உடைந்தது. சரியாகப் போகவே இல்லை. சாக்கு போடத் தெரிந்தவர்களுக்குத்தான் சரியாகப் போயிற்று. வீட்டுக்காரரைக் கடலில் இழந்த ஒரு அக்கா இருந்தார். தம்பியின் வல்லத்தில் பங்கு. கூடையை வடியவிட்டு, சுத்தமாகக் கழுவி, கால் ஒடிந்ததைத் தானே தனியாக எடுத்துவைத்துவிட்டுக் கொண்டுவருவார். நாள் ஒன்றுக்கு இரண்டு கூடை. மாதம் பதினாறு நாள் என்று வைத்தாலும், பதினோரு மாதத்தில் முப்பத்தைந்து கிலோ. அன்றைய விலையில் கிட்டத்தட்ட 14,000 ரூபாய். ஊரில் அத்தனை பேரிலும் அதிகமாக இழந்தவர் அவர்தான், ஏமாற்றத் தெரியாத ஒரே காரணத்தால். 'எல்லோரும் செய்கிறார்கள்' என்று சொல்லும்போது யார் அதைச் செய்யவில்லையோ அவர் தலையில்தான் மொத்தச் சுமையும் இறங்குகிறது என்பது எனக்கு அந்த நோட்டில்தான் புரிந்தது.

2022 தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடப் போனேன். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று சின்ன வயதில் படித்திருப்போம். பாவத்தை நினைவுக்குக் கொண்டுவருவது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் விதிக்கிற பரிகாரத்தைச் செய்வது. ஐந்தாவது என்றால் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டு எழுந்துவருவது என்றுதான் நாற்பது வயது வரை எனக்கு நினைப்பு. அன்றைக்குப் பாதர் கேட்டார்: "கடவுள் மன்னிப்பார்ப்பா. அந்த அக்காவோட நண்டுக்கு யாரு பதில் சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் லூக்கா 19-ஆம் அதிகாரத்தை வாசி என்றார். சக்கேயு கதை. எத்தனையோ தடவை கேட்ட கதைதான். குள்ளமானவர், மரத்தில் ஏறினார், இயேசு அவர் வீட்டில் தங்கப் போனார். சின்னப் பிள்ளைகளை மரத்தில் ஏற்றி நாடகம்கூடப் போடுவோம். ஆனால் அந்த மனிதர் வரி வசூலிக்கிற கூட்டத்தின் தலைவர். யாரிடமாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொல்கிறார். இயேசு அதைச் செய் என்று கேட்டதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்று அவர் சொல்வது சக்கேயு கணக்கைச் சொன்ன பிறகுதான். நாங்கள் போட்ட நாடகத்தில் மரம் இருக்கும், நான்கு மடங்கு இருக்காது.

இங்கே எங்கள் கடற்கரைச் சரித்திரத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பாயின் ஊரான அதே வேதாளையில், 1549-இல் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குருவானவர் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். இயேசு சபைக் குருக்களில் முதல் மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக முதலில் உயிர்விட்டவர் என்பார்கள். புனித சவேரியார் இந்தக் கடற்கரையின் பொறுப்பை இவரிடம்தான் ஒப்படைத்திருந்தார். வயது முப்பதுகூட இல்லை. படை வந்தபோது கடலில் நின்ற தோணிகளில் ஏறித் தப்பித்திருக்கலாம். பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிடக் கரையிலேயே நின்றார். இவ்வளவுதான் எங்களுக்குச் சிறுவயதில் சொல்லப்பட்டது. படை ஏன் வந்தது என்பதை வளர்ந்த பிறகுதான் படித்தேன். அங்கிருந்த போர்த்துகீசியத் தளபதி பாதைக்குக் குறுக்கே அகழி வெட்டி, இராமேஸ்வரத்துக்குப் போகிற யாத்திரிகர்களிடம் காசு வசூலித்திருக்கிறார். அதில்தான் சண்டை மூண்டது. வசூலித்தவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். அவர் வாங்கிய காசுக்கு உயிரைக் கொடுத்தது வேறொருவர். மறைசாட்சியை மட்டும் நினைத்துப் பெருமைப்படும்போது அந்த அகழியை நாம் மறந்துவிடுகிறோம். சாமி கும்பிடப் போகிற ஏழை யாத்திரிகனின் மடியில் கைவைத்த அந்த வசூல், எனக்கு என் தராசைப் போலவே தெரிந்தது.

முதலில் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கூடைக் கழிவை 1.900 கிலோ ஆக்குங்கள், இல்லையென்றால் நான் சீட்டு எழுத மாட்டேன் என்றேன். அவர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலே பணம் கொடுத்தவர். ஆனால் இதில் இறங்கிவரவில்லை. வேலை போயிற்று.

இழப்பைக் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வீடு, மொத்தம் சுமார் 1,20,000 ரூபாய். என் மாதச் சம்பளம் 11,000-ஆக இருந்தது. தராசில் பிடித்த பணம் என் கைக்கு வந்ததில்லை. கிறிஸ்துமஸ் போனஸ் என்று 10,000 வந்தது, அவ்வளவுதான். பாதரிடம் மறுபடி பேசினேன். உனக்கு வந்த பங்கைத் திருப்பிக் கொடு, முழுத் தொகையும் உன் கடன் இல்லை என்றார். நான்கு மடங்கு பற்றி நான் இழுத்தபோது, பெருமைக்காகச் செய்யாதே என்றும் எச்சரித்தார். நான் அவர் சொன்னதில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டேன். நான்கு மடங்கு என்னால் ஆகாது. ஆனால் பொத்தானை அழுத்தியது என் விரல். அந்த அக்கா என் முகத்தைப் பார்த்துத்தான் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். முதலாளியை அவர் பார்த்ததே இல்லை. முழுவதையும் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

அப்படி முடிவெடுத்ததை வீட்டில் சொன்ன இரவை நான் மறக்கமாட்டேன். என் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க பாவத்துக்கு என் பிள்ளை படிப்பா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் நல்லதைச் செய்தால் மனம் லேசாகிவிடும் என்பதுபோல எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் லேசாகவில்லை. என் மனசாட்சிக்கு நான் கட்டும் பணம் அவள் அடுப்பிலிருந்துதான் போகவேண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்து அவளே ஒரு வழி சொன்னாள். மாதம் இரண்டாயிரம், அதற்குமேல் கிடையாது, மகள் படிப்பில் கைவைக்கக் கூடாது, முதலில் அந்த அக்கா வீடு. இன்றுவரை அந்தக் கணக்கை வைத்திருப்பது அவள்தான்.

பணத்தைவிடக் கஷ்டம், வீடு வீடாகப் போய்ச் சொல்வது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன்மேல் மனத்தாங்கல் உள்ள சகோதரன் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்வார். யாருக்கும் தெரியாமல் உண்டியலில் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். ஆனால் உண்டியலுக்கு நான் கடன்படவில்லை.

அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டுவிட்டு, "தம்பி, நான் ஒங்கள நம்பித்தான் அந்தக் கம்பெனிக்கே வந்தேன்" என்றார். திட்டியிருக்கலாம். முதல் இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். மீதிப் பணம் முழுவதையும் என் மனைவி கையால்தான் வாங்கினார். இன்னொரு வீட்டில் சிரித்தார்கள், "நாங்களும் சாக்கு போட்டோம், போங்கண்ணே" என்று பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். இன்னொருவர் என்னைக் கம்பெனிக்காரனின் ஆள் என்று சந்தையில் சத்தம்போட்டார். எல்லாவற்றுக்கும் நான் தகுதியானவன்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதை வைத்து நான் ஊரில் மற்றவர்களை எடைபோடுவதில்லை. கடல் அட்டை 2001-லிருந்து தடை. வலையில் ஏறினால் திரும்பக் கடலில் விடவேண்டும். விடாதவர்களும் இருக்கிறார்கள். தீவுப் பக்கம் பாசி எடுக்கப்போகிற பெண்கள் வனத்துறையிடம் பிடிபடுகிறார்கள். மீன் தேடி எல்லை தாண்டுகிறவர்கள் சிறைக்குப் போகிறார்கள். சட்டம் வேறு, பாவம் வேறு, பசி வேறு என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. எனக்குத் தெரிந்தது ஒரு தராசு மட்டும்தான்.

கேள்விக்கு வருகிறேன். கிறிஸ்தவன் என்பதால் நான் திருடாமல் இருந்தேனா? இல்லை. பாய் என்னைவிட நேர்மையாக இருந்தார். விசுவாசம் எனக்குச் செய்தது, திருடிய பிறகு, 'மன்னிப்பு கேட்டாயிற்று, விடு' என்று நான் படுத்துத் தூங்கவிடாமல் அந்தத் திண்ணை வரைக்கும் என்னை நடக்கவைத்தது. அந்தப் பாதரும் அந்த லூக்கா அதிகாரமும் இல்லாவிட்டால், கம்பெனி மாறிவிட்டு நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது ஒரு ஐஸ் கம்பெனியில் பில் எழுதுகிறேன். இது நாலாவது வருடம். ஏழு வீடு முடிந்தது, ஒரு வீடு வேண்டாம் என்றது, நான்கு வீடு பாக்கி. கார்த்திகை பிறந்து வாடைக் காற்று பலமானால் வல்லங்கள் வாரக்கணக்கில் கரையிலேயே கிடக்கும். அதற்குள் ஒரு வீட்டையாவது முடித்துவிடவேண்டும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். போன வாரம் அந்த அக்கா பூசை முடிந்து வாசலில் நின்றிருந்தார். நான் ஒதுங்கிப் போனேன். "மக படிப்ப முடிச்சிட்டாளா?" என்று கேட்டார். கடைசி வருடம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.