எங்க பழைய மாந்தோப்ப ஹெரிடேஜா அறிவிக்க வைக்க முடியுமா?

கேள்வி: மாதவரம் தாண்டி புழல் பக்கம் எங்களுக்கு ரெண்டரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கு. தாத்தாவோட அப்பா வெச்சது. ருமானியும் நாட்டு மாவும் இன்னும் காய்க்குது, வருஷா வருஷம் குத்தகைக்கு விடுறோம். அப்பா உயில் எழுதாம போயிட்டாரு. அண்ணனுங்க ரெண்டு பேரும் பிளாட் போட கொடுத்துடலாம்னு நிக்கிறாங்க. வெளிநாட்டுல பழைய திராட்சைத் தோட்டம், பழத்தோட்டத்தையெல்லாம் வரலாற்றுச் சின்னமா ஆக்குறாங்களாமே, இதையும் அப்படி பண்ண முடியுமா? பண்ணிட்டா அப்புறம் கிளை வெட்டக்கூட பர்மிஷன் வாங்கணுமா?

பதில்: உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்குங்க. தோப்புக்கு மரியாதை வாங்கித் தர்றது ஒண்ணு, தோப்ப விக்காம நிறுத்துறது இன்னொண்ணு. ஹெரிடேஜ்னு ஒரு போர்டு மாட்டிட்டா ரெண்டும் தானா நடந்துடும்னு நினைச்சுதான் பலரும் வர்றாங்க, அது நடக்காது.

நம்ம பாரம்பரியச் சட்டமெல்லாம் கல்லையும் செங்கல்லையும் மனசுல வெச்சு எழுதுனது. 1958 மத்திய சட்டம், 1966 தமிழ்நாடு சட்டம் ரெண்டும் கோயில், கோட்டை, கல்வெட்டு, தொல்லியல் மேடுனு போகும். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் குழுவும் பெரும்பாலும் கட்டடம், வளாகம்னுதான் பார்க்கும், தோப்புக்குள்ள பழைய பங்களா ஏதாச்சும் நின்னா அதுக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாம். மாநில பாரம்பரிய ஆணையத்துக்கு 2012லயே சட்டம் போட்டுட்டு 2024லதான் அமலுக்கே கொண்டு வந்தாங்க. அங்க ஒரு மனு போட்டு வைங்க, நஷ்டம் ஒண்ணும் இல்ல, ஆனா அத மட்டும் நம்பி உக்காராதீங்க.

வெளிநாட்டுக் கதையும் நாம நினைக்கிற மாதிரி இல்ல. அமெரிக்காவோட தேசிய வரலாற்றுப் பதிவேடு 1966 சட்டத்துல வந்தது. தனியார் ஓனர் வேணாம்னா அவர் சொத்த அதுல சேர்க்கவே மாட்டாங்க, சேர்த்த பிறகும் அரசுப் பணம் எதுவும் வாங்காம இருந்தா அவர் தன் நிலத்த என்ன வேணா பண்ணிக்கலாம், கை கட்டுறதெல்லாம் அந்தந்த ஊர் சட்டம்தான். ஆஸ்திரேலியாவுல பரோசா பள்ளத்தாக்குல 2009ல பழைய திராட்சைக் கொடிங்களுக்கு ஒரு சாசனம் போட்டாங்க, 35 வயசுக்கு மேல ஒரு பேரு, 70க்கு ஒரு பேரு, 100க்கு ஒண்ணு, 125க்கு ஒண்ணுனு வயசு வாரியா பிரிச்சிருக்காங்க. சட்டத் தடை எதுவும் கிடையாது, வெறும் கௌரவம்தான், ஆனா அந்தக் கௌரவத்துல பாட்டில் விலை ஏறுது, விலை ஏறுறதால கொடியப் பிடுங்கிப் போட யாருக்கும் மனசு வர்றதில்ல. கலிஃபோர்னியாவுல ஹிஸ்டாரிக் வைன்யார்டு சொசைட்டின்னு ஒரு அமைப்பு வெச்ச விதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: இன்னைக்குக் காய்க்கிற கொடியில மூணுல ஒரு பங்காவது முதல்ல நட்ட காலத்துக் கொடியா இருந்தா போதும். அதாவது மீதி செத்து, அந்த இடத்துல புதுசு வெச்சிருந்தாலும் தோட்டம் பழைய தோட்டம்தான். யூட்டாவுல கேப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குள்ள ஃப்ரூட்டானு ஒரு இடம், 1880கள்ல குடியேறுனவங்க வெச்ச பழத்தோட்டம், இன்னைக்கும் சீசன்ல போறவங்க பழம் பறிச்சு எடை போட்டுக் காசு கொடுத்துட்டு வராங்க.

அதனால உங்க தோப்புல எது பழசுன்னு முதல்ல நீங்க முடிவு பண்ணணும். மரமா, ரகமா, நட்ட வரிசையா, இல்ல நாலு தலைமுறையா விடாம நடக்குற குத்தகையும் காய்ப்புமா? மரம்னு மட்டும் சொன்னீங்கன்னா ஒரு புயல்ல கதை முடிஞ்சுடும். என்னைக் கேட்டா ரகத்தையும் விடாம நடக்குற விவசாயத்தையும்தான் முன்னாடி வைக்கச் சொல்வேன்.

நிரூபிக்கிறதுக்கு டேப்ப எடுத்துக்கிட்டு தோப்புக்குள்ள போங்க. பழைய நடவுல மரத்துக்கு மரம் 30 அடிக்கு மேல இடைவெளி இருக்கும், இப்பல்லாம் அடர்நடவுனு பாதியளவுக்குக் கொண்டாந்துட்டாங்க. ருமானி ஒட்டு மரமாத்தான் இருக்கும், அடித்தண்டுல முழங்கால் உயரத்துக்குள்ள ஒரு விளிம்பு மாதிரி தடிச்சு, அதுக்குக் கீழ பட்டை ஒரு தினுசாவும் மேல ஒரு தினுசாவும் இருக்கும், அதுதான் ஒட்டு வெச்ச இடம். அத கிட்டப் போய் போட்டோ எடுங்க. நாட்டு மாவுல அந்த விளிம்பு இருக்காது. சுத்தளவ அளந்து வயசு சொல்றவங்கள மட்டும் நம்பாதீங்க, தண்ணி கிடைச்ச மரமும் காஞ்ச மரமும் ஒரே வேகத்துல பருக்காது.

அதவிட பலமான சாட்சி பேப்பர்தான். தாய்ப்பத்திரத்துல "மாவடை மரவடை சகிதம்"னு (மரங்களோட சேர்த்துன்னு அர்த்தம்) இருக்கும், ஆனா அது எல்லாப் பத்திரத்துலயும் வர்ற வழக்கமான வரி, அத மட்டும் காட்டுனா யாரும் மதிக்க மாட்டாங்க. சொத்து விவரத்துல மரக்கணக்கு, கிணறு, நாலு எல்லைனு எழுதியிருந்தா அதுதான் வெயிட்டு. பழைய அடங்கல் நகல் கேளுங்க, அதுல என்ன சாகுபடினு வருஷ வாரியா இருக்கும். மாதவரம் பக்கமெல்லாம் முன்னாடி செங்கல்பட்டு மாவட்டம், அப்புறம் திருவள்ளூர், 2018லதான் சென்னை மாவட்டத்துக்கு வந்தது, அதனால இங்க ஆபீஸ்ல "ரெக்கார்டு இல்ல"னு சொன்னா திரும்பிடாதீங்க, பழைய மாவட்டத்துலயும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் தேடணும். பரண்ல குத்தகைச் சீட்டோ, கொத்தவால்சாவடி மண்டி சிட்டையோ (மண்டியில காய் போட்ட கணக்குச் சீட்டு) கிடைச்சா அது தங்கம். அந்த மார்க்கெட் கோயம்பேடுக்குப் போனதே 1996லதான், அப்ப அந்த சிட்டை அதுக்கு முந்துன காலத்துதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுடும்.

இப்ப உங்களுக்குப் பொருந்துற வழி. 2002 பல்லுயிர்ச் சட்டம் 37ஆம் பிரிவுல மாநில அரசு, உள்ளாட்சியக் கலந்துக்கிட்டு ஒரு இடத்த பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிக்கலாம். நாட்டுலயே முதல் தலம் எது தெரியுமா, தேவனஹள்ளி பக்கம் நல்லூர் புளியந்தோப்பு, 2007, 54 ஏக்கர். (நம்ம வடசென்னைப் புளியந்தோப்புல பேரு மட்டும்தான் மிச்சம்.) தமிழ்நாட்டுல 2022ல அரிட்டாபட்டி வந்துச்சு, 2025ல திண்டுக்கல் காசம்பட்டி கோயில் காடு, அது வெறும் 5 ஹெக்டேர்தான். அதனால சின்ன இடம்னு தயங்க வேணாம். ஆனா ரெண்டரை ஏக்கர் தனியார் தோப்பு அந்த லெவலுக்குப் போறது கஷ்டம், அத மறைக்க விரும்பல. அதுக்கு ஒரு படி கீழ, ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும்னு அதே சட்டத்துலயும் அதோட விதிகள்லயும் இருக்கு. அந்தப் பதிவேட்டுல உங்க தோப்பும் நாட்டு மா ரகங்களும் ஏறணும், முதல் மனு இதுக்குத்தான். நாட்டு மாவுல உங்க தோப்புக்கே உரிய ரகம் இருந்தா 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்துல விவசாயி ரகமா பதியலாம், மரத்துக்கு 18 வருஷம் உரிமை கிடைக்கும். ருமானி எல்லாரும் வெச்சிருக்குற ரகம், அத உங்க பேர்ல கேட்டா தள்ளிடுவாங்க.

கிளை வெட்டுற பயம் வேணாம். பாரம்பரியத் தலமே ஆனாலும், ஊர்க்காரங்க வழக்கமா செஞ்சிட்டு வர்றத அவங்களா ஒத்துக்காம தடுக்கக் கூடாதுன்னு தேசிய பல்லுயிர் ஆணையத்தோட வழிகாட்டுதல்லயே இருக்கு. காய் இறங்குனதும் ஆவணி வாக்குல கவாத்து பண்ணுங்க. பட்டுப் போன இடத்துல நர்சரிக் கன்ன வாங்கி வைக்காதீங்க, உங்க கிழ மரத்துலயே ஒட்டுக்குச்சி எடுத்து கன்னு கட்டி வைங்க, அப்பதான் தோப்பு அறுபடாம போகுதுன்னு நாளைக்குச் சொல்ல முடியும்.

விக்காம நிறுத்துறது சொந்தக்காரங்களுக்குள்ள தீர்க்க வேண்டிய விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்னா, அப்பா உயில் எழுதாத சொத்துல மகளுக்கும் சமபங்கு. அதே சட்டத்துல 22ஆம் பிரிவப் பாருங்க: ஒரு வாரிசு தன் பங்க விக்கப் போனா, கூடப் பங்கு உள்ளவங்களுக்கு முதல்ல வாங்குற உரிமை உண்டு, விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும்னு 2019ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அண்ணன் பங்க வாங்க கையில பணம் வேணும், அது வேற. "எப்பவுமே விக்கக்கூடாது"ன்னு தானப் பத்திரத்துல எழுதி வாங்குற ஐடியா செல்லாது, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 10ஆம் பிரிவு அந்த மாதிரி முழுத்தடைய ஒத்துக்காது. ட்ரஸ்ட் போடலாம், அதுக்கு மூணு பேரும் கையெழுத்து போடணும்.

இதையெல்லாம் தொடங்குறதுக்கு முன்னாடி சி.எம்.டி.ஏ.-ல சர்வே நம்பரக் கொடுத்து நில உபயோகம் என்னனு எழுத்துல வாங்குங்க. அந்தப் பக்கம் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக் கட்டுப்பாடு வேற இருக்கு, உங்க நம்பர் அதுக்குள்ள வந்தா லேஅவுட் அப்ரூவல் வாங்குறது லேசு இல்ல. அந்தப் பேப்பர அண்ணனுங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் பேச்ச ஆரம்பிங்க.