அந்தச் சான்றைக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால், விண்ணப்பத்தில் இல்லாத இரண்டு சான்றுகளைக் கேட்கிறார்கள். இது சட்டமா, அலுவலகத்தின் விருப்பமா என்று எப்படிக் கண்டறிவது? எதிர்த்துப் பேசினால் கோப்பு கிடப்பில் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அச்சம் நியாயமானதுதான். ஆகவே எதிர்த்துப் பேச வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இந்தச் சான்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி தேவை?"

இது பழைய கேள்வி. 1762-ல் இங்கிலாந்தில் அமைச்சர் ஒருவரின் ஆணையோடு வந்தவர்கள், ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டில் புகுந்து அவருடைய காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். நெடுநாளைய வழக்கம் என்று அரசுத் தரப்பு வாதாடியது. சட்டம் என்றால் சட்ட நூல்களில் இருக்க வேண்டும், அங்கே இல்லாதது சட்டமே அல்ல என்று 1765-ல் நீதிபதி கேம்டன் பிரபு சொல்லிவிட்டார். உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது டைசன் என்பவரின் வழக்கு. அதே நாட்டில் வரித்துறை ஒரு படிவத்தை அனுப்பி, நிரப்பாவிட்டால் 50 பவுண்டு அபராதம் என்றது. டைசன் அபராதம் விதிக்கப்படும்வரை காத்திருக்கவில்லை. சட்டம் அனுமதிக்காத விவரத்தைப் படிவம் கேட்கிறது என்று தாமாகவே நீதிமன்றம் போய் வென்றார்.

பதில் வந்ததும், கோரிக்கை எங்கிருந்து பிறந்தது என்று பாருங்கள். சட்டமும் அதன்கீழ் முறைப்படி வகுத்த விதியும் உங்களைக் கட்டுப்படுத்தும். சுற்றறிக்கை பொதுவாக ஊழியர்களுக்கான அறிவுரை. அதை மட்டும் காட்டி உங்கள்மீது புதிய கடமையைச் சுமத்துவது கடினம். "எப்போதும் கேட்போம்" என்பதற்கு அந்த வலுகூடக் கிடையாது. (கேட்பவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காகிதம் கூடுதலாக வாங்கியதற்காகத் தணிக்கையில் யாரும் மாட்டுவதில்லை. ஒன்று குறைந்தால்தான் விளக்கம் கேட்பார்கள். பாதி நிபந்தனைகள் இப்படித்தான் முளைக்கின்றன.)

அதிகாரம் இருந்தும் நோக்கம் பிசகுவது இன்னொரு வகை. போர் நினைவுச்சின்னத்தின் காட்சி மறைகிறது என்று பெர்லின் காவல்துறை சுற்றியுள்ள கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு வைத்தது. ஆபத்தைத் தடுக்கத்தான் உங்களுக்கு அதிகாரம், அழகைக் காக்க அல்ல என்று பிரஷ்ய உயர் நிர்வாக நீதிமன்றம் 1882-ல் அதை ஏற்க மறுத்தது. உங்களிடம் கேட்கும் சான்றுக்கும் உரிமத்தின் நோக்கத்துக்கும் தொடர்பே இல்லையென்றால், அதையும் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

கோரிக்கை விதியிலேயே இருக்கிறது, ஆனால் அர்த்தமற்றது என்றால், அந்த அலுவலகத்தில் தீர்வில்லை. தொழில் சங்கமும் மக்கள் பிரதிநிதியும்தான் வழி.

இனிச் செய்ய வேண்டியது. விதி கேட்கும் ஆவணங்களைக் காலக்கெடுவுக்குள் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். உரிமம் காலாவதியாகும் நாள் நெருங்கிவிட்டால் கூடுதல் சான்றையும் கொடுத்துவிடலாம். "ஆட்சேபத்துடன் அளிக்கப்படுகிறது" என்ற குறிப்போடு. இதில் வீம்பு வேண்டாம், தொழிற்கூடம் மூடிக் கிடந்தால் நட்டம் உங்களுக்குத்தான். உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு மேல்முறையீடு செய்வது அரிது. ஆணை வந்த உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள், கையில் கிடைத்த தேதியை அதன்மேலேயே குறித்து வையுங்கள். மேல்முறையீட்டுக்கான நாள்களைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் எண்ணுவார்கள்.