வீல்ல ஊஊன்னு சத்தமா? பேரிங் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி படிங்க

இந்த தடவ வாசகர்கள்கிட்டேந்து வந்த கேள்வி முக்கால்வாசி பழைய ஸ்போர்ட்ஸ் கார், எல்லாமே வீல் சத்தம், நிறைய பேர் கடைசி வரில "பேரிங்தானே?"ன்னு (வீல் உரசாம சுத்தறதுக்கு நடுவுல இருக்கற குண்டு வளையம்) அவங்களே தீர்ப்பும் எழுதிட்டாங்க. சில பேருக்கு பேரிங்தான், மத்தவங்க கொஞ்சம் கைய கட்டுப்படுத்துங்க.

கேள்வி: 1991 மாஸ்டா மியாட்டா. 60 கிலோமீட்டர் வேகம் தாண்டினா ஊஊம்னு ஒரு சத்தம், வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது. நாலு வீலுக்கும் பேரிங் மாத்திடலாமா?

நாலும் ஒரே நாள்ல போகாதுங்க. முதல்ல அந்த சத்தம் வர்ற வேகத்துல கிளட்ச்ச மிதிச்சு நியூட்ரல் பண்ணிப் பாருங்க, இன்ஜின் ஆர்பிஎம் கீழ இறங்கினாலும் சத்தம் அப்படியே இருந்தா இன்ஜின், கியர்பாக்ஸ் இன்புட் பக்கம் எல்லாம் லிஸ்ட்ல இருந்து போயிடுச்சு. ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஒரு சுருதி, காலை எடுத்தா வேற சுருதின்னு மாறுச்சுன்னா டிஃபரன்ஷியல் (பின் வீல் ரெண்டுக்கும் பவர பிரிச்சு விடற கியர் பெட்டி) மேல சந்தேகப்படுங்க, வீல் பேரிங் அப்படி பண்ணாது.

அடுத்தது, காலியான அகலமான ரோட்டுல அதே வேகத்துல மெதுவா இடது, வலதுன்னு வளைச்சு ஓட்டுங்க. வலது பக்கம் திருப்பும்போது வெயிட் எல்லாம் இடது வீல் மேல சாயும், அப்ப சத்தம் கூடி, இடது திருப்பும்போது குறைஞ்சா இடது பக்கம்தான் பெரும்பாலும் குற்றவாளி. பெரும்பாலும்னுதான் சொல்றேன், ரெட்டை வரிசை குண்டு இருக்கற பேரிங்ல எந்த வரிசை தேஞ்சிருக்குங்கறத பொறுத்து சில சமயம் நேர் எதிராவும் காட்டும். அதனால இத மட்டும் நம்பி ஸ்பேனர எடுக்காதீங்க.

இப்ப டயர். நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். ட்ரெட் கட்டை (ரோட்டுல படற ரப்பர் கட்டை) மேல உள்ளங்கைய முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, ஒரு பக்கம் வழுவழுன்னும் மறுபக்கம் ரம்பம் மாதிரி குத்தவும் செஞ்சா டயர் கோணலா தேஞ்சிருக்கு, அது போடற சத்தம் அச்சு அசல் பேரிங் சத்தம்தான். ஒரே ஒரு வித்தியாசம், புது தார் ரோட்டுக்கு வந்ததும் டயர் சத்தம் மாறும் இல்ல அமுங்கும், பேரிங் எந்த ரோடா இருந்தாலும் ஒரே பாட்டத்தான் பாடும். முன் டயர் ரெண்டையும் பின்னாடி மாத்திப் போட்டு ஓட்டுங்க, சத்தமும் கூடவே இடம் மாறினா காசு மிச்சம். உங்க வண்டில நாலும் ஒரே சைஸ், அதனால இது சுலபம். அப்படியே பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்கத்தையும் பாருங்க, 2314ன்னு இருந்தா 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ட்ரெட் எவ்ளோ இருந்தாலும் பத்து வருஷம் தாண்டின ரப்பர் கல்லு மாதிரிதான்.

டயர் இல்லன்னு ஆயிடுச்சுன்னா ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வெச்சு, முன் வீல கையால சுத்திவிட்டு இன்னொரு கைய சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல வெச்சிருங்க. காதுக்கு கேக்காத கரகரப்பு கூட ஸ்பிரிங் வழியா விரலுக்கு வந்துடும், நல்ல பேரிங்னா எதுவுமே தெரியாது. அப்புறம் வீல மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க, பிரேக் மிதிச்சதும் ஆட்டம் காணாமப் போனா பேரிங், அப்பவும் ஆடினா பால் ஜாயின்ட் (வீல் பக்கத்த சஸ்பென்ஷனோட இணைக்கற குண்டு மூட்டு). ஒண்ணு சொல்லிடறேன், மியாட்டாவுல முன்பக்க பேரிங் ஹப்போட (வீல் மாட்டற நடுப்பகுதி) சேர்ந்த ஒரே செட், அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் கிடையாது, நடுவுல இருக்கற பெரிய நட்ட கழட்டி மொத்தமா மாத்த வேண்டியதுதான். பின்பக்கம் பிரஸ்ல வெச்சு அழுத்தி எடுக்கற ரகம், சுத்தியல்ல தட்டி ஏத்தினா புது பேரிங்கே முதல் நாள்லேந்து சத்தம் போடும்.

கேள்வி: பழைய போர்ஷே 924. முன் பேரிங் லூசா இருந்துச்சுன்னு நானே டைட் வெச்சேன். ஆட்டம் போச்சு, ஆனா ஹப் கைய வைக்க முடியாத அளவுக்கு சூடாகுது.

ஓவரா டைட் வெச்சிட்டீங்க. இது டேப்பர் ரோலர் பேரிங் (குண்டுக்கு பதிலா கூம்பு உருளை இருக்கற ரகம்), இத ஒரு மயிரிழை லூசாத்தான் விடணும், சூடானதும் விரியறதுக்கு இடம் வேணும். வீல சுத்திக்கிட்டே நட்ட டைட் பண்ணுங்க, ரோலர் எல்லாம் அதது இடத்துல உக்காரும், அப்புறம் பின்னாடி தளர்த்துங்க. எவ்ளோன்னா, நட்டுக்கு உள்பக்கம் இருக்கற வாஷர ஸ்க்ரூடிரைவர் நுனியால தள்ளுனா லேசா நகரணும். விரல் பலம்தான், நெம்பவும் கூடாது, ஸ்க்ரூடிரைவர திருகவும் கூடாது. நகரவே இல்லன்னா டைட், லொடலொடன்னு நகர்ந்தா லூசு. உங்களுக்கு நட்டுலயே ஒரு சின்ன ஆலன் போல்ட் இருக்கும், அத இறுக்கினதுக்கு அப்புறம் இன்னொரு தடவ வாஷர செக் பண்ணுங்க, ஏன்னா அத இறுக்கும்போது செட்டிங் மாற வாய்ப்பிருக்கு. நட்டுல காடி வெட்டி ஸ்பிலிட் பின் போடற வண்டி வெச்சிருக்கவங்க பழைய பின்னையே நிமித்தி திரும்ப சொருகாதீங்க. ஏற்கனவே சூடுல ஓட்டின பேரிங் நீலம் பாஞ்சிருந்தா அட்ஜஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, மாத்துங்க.

கேள்வி: எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், ஒயர் வீல் (கம்பி ஸ்போக் வீல்). வண்டி கிளம்பும்போது ஒரு டக், பிரேக் போட்டா ஒரு டக், ரிவர்ஸ்லயும் ஒரு டக். யூனிவர்சல் ஜாயின்ட் (ஷாஃப்ட் முனைல வளைஞ்சு சுத்தற மூட்டு) மாத்தியாச்சு, போகல.

பிரேக் போடும்போதும் வருதுன்னு சொல்றீங்களே, அதுலயே பதில் இருக்கு. ஒயர் வீல் ஹப்போட பிடிச்சுக்கறது ஸ்ப்ளைன் பல்லுல, அந்தப் பல்லு தேஞ்சா ஒவ்வொரு தடவ விசை திசை மாறும்போதும் வீல் ஹப் மேல ஒரு துளி நழுவி டக்குன்னு முட்டும். வண்டிய தூக்கி, ஒருத்தர் பிரேக்க அழுத்திப் பிடிக்க, நீங்க வீல சுத்தற திசைல முன்னும் பின்னும் அசைங்க. ஹப் நிக்குது, வீல் மட்டும் அசையுதுன்னா முடிஞ்சது கதை. கழட்டிப் பாருங்க, நல்ல பல்லோட தலை தட்டையா இருக்கும், தேஞ்சது கத்தி முனை மாதிரி கூரா இருக்கும். வீல மட்டும் புதுசு வாங்கி தேஞ்ச ஹப்ல மாட்டினீங்கன்னா அந்தப் பழைய ஹப் புது வீலயும் தின்னுடும், ரெண்டும் சேர்த்துதான். மாட்டும்போது பல்லுல கிரீஸ் போடுங்க. நடு நட்டு இடது பக்கம் சாதாரண மரை, வலது பக்கம் எதிர் மரை, இத மறந்துட்டு கழட்டறேன்னு இன்னும் டைட் பண்றவங்க உண்டு. ஹப்பும் வீலும் வெளில இருக்கும்போதே ஸ்போக்க ஒவ்வொண்ணா சின்ன ஸ்பேனரால தட்டுங்க, டிங்குன்னு கேட்டா சரி, மொட்டையா டொக்குன்னா லூசு.

கேள்வி: ரியர் வீல் டிரைவ் கார். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா திருப்பினா டக் டக். சிவி ஜாயின்ட் (வீலுக்கு பவர் கொண்டு போற ஷாஃப்ட்ல இருக்கற மூட்டு) போயிடுச்சுன்னு சொல்றாங்க.

முன் வீலுக்கு பவரே போகாத வண்டில அங்க சிவி ஜாயின்ட் எங்கேருந்து வந்துச்சு? பின்னாடி ஜாயின்ட் இருக்கலாம், ஆனா அது ஸ்டியரிங்கோட ஒடியாது. சத்தம் முன்னாடின்னா பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மேல் மவுன்ட், இல்ல டயர் உள்பக்கம் எங்கயாவது உரசுதான்னு பாருங்க. பின்னாடி கடகடன்னு உதறுனா, லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு வீல் மட்டும் வீணா சுழலாம தடுக்கற ரகம்) இருக்கான்னு கேட்டுக்கங்க, கிளட்ச் தட்டு ரகத்துல அதுக்கான ஆயில் ஊத்தலன்னா இறுக்கமா திரும்பும்போது தட்டு ஒட்டி ஒட்டி விடும். ஆயில் மாத்தினாலே பல வண்டில போயிடும்.

கேள்வி: மெதுவா போகும்போது தட் தட்னு ஒரு தாளம். வீலா, ஷாஃப்டா, எப்படி தெரிஞ்சுக்கறது?

எண்ணுங்க. 185/60 ஆர் 14 டயரோட சுற்றளவு சுமார் 1.8 மீட்டர், அதனால மணிக்கு 10 கிலோமீட்டர்ல வீல் ரெண்டு செகண்டுக்கு மூணு சுத்து. தாளம் அதே கணக்குல வந்தா டயர், ஹப், டிஸ்க் பக்கம். அதே வேகத்துல செகண்டுக்கு ஆறு தடவ மாதிரி படபடன்னு வந்தா புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்லேந்து பின்னாடி பவர் கொண்டு போற தண்டு), ஏன்னா அது வீல விட சுமார் நாலு மடங்கு வேகமா சுத்துது. துல்லியமா வேணும்னா டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஜன்னல இறக்கிட்டு நடை வேகத்துல ஓட்டுங்க, நண்பர கூட நடந்து அந்தக் கோட்ட எண்ணச் சொல்லுங்க.

கேள்வி: ஆறு மாசம் நின்ன வண்டி. முதல் கொஞ்ச தூரம் தொம் தொம், அப்புறம் சரியாயிடுது.

டயர் நின்ன இடத்துல தட்டையாயிருக்கு, சூடானதும் உருண்டையாகுது. பயப்படாதீங்க. சூடானப்புறமும் போகலன்னாதான் டயர மாத்தணும்.

கேள்வி: புது அலாய் வீல் போட்டேன், மறுநாளே கடகடன்னு ஆடுது.

ஓட்டாதீங்க. இப்பவே நட்ட செக் பண்ணுங்க. நட்டு உக்கார்ற இடம் கூம்பா, உருண்டையா, தட்டையான்னு பாருங்க, வீலுக்கும் நட்டுக்கும் அது பொருந்தலன்னா எவ்ளோ டைட் வெச்சாலும் தானா தளரும். ஹப் முகத்துல துரு இருந்தா சுரண்டிட்டு, மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல (இறுக்கற விசைய அளந்து காட்டற ஸ்பேனர்) இறுக்கி, 50லேந்து 100 கிலோமீட்டருக்குள்ள திரும்ப ஒரு தடவ இறுக்குங்க. ஓட்டை முட்டை வடிவமா இழுத்திருந்தா அந்த வீல் குப்பைக்கு.

கேள்வி: ஓடும்போது கீச் கீச், பிரேக்க லேசா தொட்டா நின்னுடுது.

பேட் தேஞ்சு எச்சரிக்கை தகடு டிஸ்க்ல உரசுதான்னு முதல்ல பாருங்க. பேட் தடிப்பா இருந்தா டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்கற தகரத்துக்கு நடுவுல பொடிக்கல்லு சிக்கியிருக்கான்னு தேடுங்க, வீல கழட்டினா ரெண்டு நிமிஷ வேலை.