வட ஆற்காடு என்று பத்திரத்தில் இருந்தால் வேலூரில் மட்டும் தேடாதீர்கள்

உங்கள் தாத்தாவின் 1962 கிரயப் பத்திரத்தில் 'வட ஆற்காடு, ஆரணி வட்டம்' என்றிருப்பதால் அந்த நிலத்தின் பட்டாவை வேலூர் மாவட்டத்தில் தேடியிருக்கிறீர்கள். கிடைக்காது. 1989-இல் வட ஆற்காடு பிரிந்தபோது ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர் எல்லாம் திருவண்ணாமலைக்குப் போயின. மிச்சம்தான் வேலூர், அதிலிருந்தும் 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியாகின. ஆற்காடு நகரமே இப்போது ராணிப்பேட்டையில்!

அரசின் இணையப் பட்டா தளத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆரணி வட்டத்தில் கிராமம் இல்லையென்றால், ஊகிக்காமல், அக்கம்பக்க வட்டங்களான போளூர், செய்யாறு, சேத்துப்பட்டு என்று வரிசையாகப் பாருங்கள். ஒரே பெயரில் பல கிராமங்கள் உண்டு, கிராம எண்ணையும் ஒப்பிடுங்கள்.

கிராமம் கிடைத்த பிறகும் எண் இடிக்கலாம். 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல புல எண்கள் (சர்வே எண்கள்) மாறின. வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய–புதிய புல எண் ஒப்பீட்டையும் 'அ' பதிவேட்டு (கிராமத்தின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் பதிவேடு) நகலையும் கேளுங்கள்.