98-க்கு டியூன் செய்த கார், 91 பெட்ரோல்

கேள்வி: என் டர்போ பெட்ரோல் காரை 98 ஆக்டேன் (தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பெட்ரோலுக்கு ஏற்றபடி டியூன் செய்திருக்கிறேன். இப்போது குடிவந்திருக்கும் இடத்தில் 91 மட்டுமே கிடைக்கிறது. மேடு ஏறும்போது எஞ்சினில் டக்டக் என்று சத்தம் வருகிறது. '30 புள்ளிகள் கூடும்' என்று எழுதிய ஆக்டேன் பூஸ்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பூஸ்டர் விற்பவர்கள் கணக்கில் பெரும்பாலும் 10 புள்ளி சேர்ந்தால்தான் 1 ஆக்டேன். டப்பா சொல்வது முழுக்க உண்மையாகவே இருந்தாலும் உங்கள் 91, 94 ஆகும், 98 ஆகாது. மாங்கனீஸ் கலந்த பூஸ்டரைத் தொடர்ந்து ஊற்றினால் ஸ்பார்க் பிளக்கில் செம்பழுப்புப் படிவு வேறு சேரும்.

முதலில் பம்பில் உள்ள எண் எந்த அளவுமுறை என்று பாருங்கள். ஆக்டேனைச் சில நாடுகளில் ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) முறையிலும், சிலவற்றில் ஏ.கே.ஐ. (ஆன்டி-நாக் இன்டெக்ஸ்) முறையிலும் குறிப்பார்கள். ஏ.கே.ஐ. முறையில் 91 என்றால் ஆர்.ஓ.என். கணக்கில் ஏறக்குறைய 95, 96 வரும். அப்படியானால், உங்கள் 98 ஆர்.ஓ.என். கணக்கில் என்றால், சிக்கல் பாதிதான்.

ஆர்.ஓ.என். 91 என்றால் ரீமேப் செய்வதே, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள டியூன் அமைப்புகளை மாற்றி எழுதுவதே வழி. பிளக்கிலிருந்து கிளம்பும் தீ பரவி வருவதற்குள், சிலிண்டரின் ஓரத்தில் எஞ்சிய கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே பற்றிக்கொள்கிறது. அந்தச் சத்தம்தான் நாக்கிங். பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்) கூட்டி, இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) முன்னுக்குத் தள்ளித்தானே உங்கள் டியூன் சக்தியை எடுத்தது? இரண்டையும் இப்போது குறைக்க வேண்டும். நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் மூலம் கார் டைமிங்கைத் தானே பின்னுக்கு இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சில டியூனர்கள் அதன் உணர்திறனையே குறைத்துவிடுகிறார்கள். உங்களுடையவர் அதில் கை வைத்தாரா என்று நேரடியாகக் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன், 91 பெட்ரோலில் முழு லோடில் ஓட்டி எடுத்த பதிவைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எவ்வளவு பின்வாங்கியது என்பது அதில் தெரியும். பழைய மேப்பையும் வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளும் வசதி கிடைத்தால் நல்லது. "சக்தி துளியும் குறையாது" என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.

அதுவரை உயர் கியரில், குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். மேட்டில் ஒரு கியர் இறக்குங்கள். சத்தம் கேட்டுக்கொண்டே ஓட்டினால் பிஸ்டன் உடையும்.

கேள்வி: 'கோல்டு' பிளக் மாற்றினால் நாக்கிங் குறையுமா?

பதில்: கோல்டு பிளக் என்பது சூட்டை வேகமாக வெளியேற்றும் ஸ்பார்க் பிளக். பிளக் முனை அளவுக்கு மீறிச் சூடாகி அதனால் கலவை பற்றிக்கொள்கிறது என்றால் குறையும். ரீமேப்புக்கு அது மாற்று இல்லை. வாங்கும்போது பிளக்கின் வெப்ப எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் கோல்டு, பாஷ் பிளக்கில் எண் குறைந்தால் கோல்டு. கடைக்காரர்களே இதில் தடுமாறுவதுண்டு. ஒரு படிக்கு மேல் கோல்டாகப் போனால் பிளக்கில் கரி படிந்து எஞ்சின் திணறும்.